மூன்றாவது படத்தில் இருந்த பெண்

முட்டை விலை ஏறிய அந்த நவம்பரில்தான் மார்லிஸ் வாசெக்கின் பிம்பம் ஐயோவாவிலிருந்து மான்டானாவுக்குப் பார்சலில் போனது. அனுப்பியவள் அவளேதான், ஆனால் அவளுக்கே தெரியாது. பெட்டிக்குள் இருந்தது குரோம் பூசிய பழைய மின்சாரக் காபிக் கூஜா ஒன்று. அவள் ஊரான சீடர் ராப்பிட்ஸில் யாரோ இறந்துபோன வீட்டில் சாமான்களை விற்றபோது பொறுக்கி எடுத்தது. ஓட்ஸ் ஆலை வேலையிலிருந்து நின்ற பிறகு மார்லிஸ் இப்படித்தான் காலம் தள்ளினாள். டோஸ்டரோ கெட்டிலோ எது கிடைத்தாலும் வாங்கி, முகம் தெரியும் வரை தேய்த்து, படம் எடுத்து ஆன்லைனில் விற்றுவிடுவாள். பளபளக்கும் சாமான் விற்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, அதில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாகப் படம் எடுப்பார்கள். இல்லாவிட்டால் எடுப்பவரும் சாமானில் தெரிவார், இரவு உடையோடு. சில புண்ணியவான்கள் அதுவும் இல்லாமல். அன்று பார்த்து விரிப்பு துவைக்கப் போயிருந்தது. மார்லிஸ் அவசரத்தில் அப்படியே எடுத்துவிட்டாள். மூன்றாவது படத்தில், கூஜாவின் வயிற்றில், தலையில் முடி சுருட்டும் உருளைகளை மாட்டிக்கொண்டு நாக்கு நுனியைக் கடித்தபடி நின்றிருந்தாள்.

வாங்கியவர் ஹார்லன் டிபெட்ஸ், ஹேவர் ஊரில் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூஜா கைக்கு வந்த வாரமே பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார் போட்டார். ‘சொன்னபடி இல்லை’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே விளக்கமும் எழுதியிருந்தார்: “காபி நல்லாத்தான் வருது மேடம். ஆனா இதுக்குள்ள ஒரு பொம்பள இருக்காங்க. நான் குனிஞ்சா என் மூஞ்சி தெரியல, அவங்கதான் தெரியறாங்க. காலைல பல் வெளக்கறாங்க. வினிகர் போட்டுத் துடைச்சுப் பாத்துட்டேன், போகல.”

மார்லிஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பார்க்காத புகாரா? தானே கீழே போட்டு உடைத்துவிட்டு வரும்போதே உடைந்திருந்தது என்றவர்கள் உண்டு. டோஸ்டரை வைத்துக்கொண்டு பெட்டியில் செங்கல்லைத் திருப்பி அனுப்பிய மகராசியும் உண்டு. எல்லோருக்கும் அவள் காட்டுவது படத்தைத்தான். படத்தில் தெரிவதெல்லாம் சாமானோடு சேர்ந்தது என்பதுதான் இந்தத் தொழிலின் சட்டம். “மூணாவது படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க ஐயா,” என்று எழுதினாள். “அந்தப் பொம்பள அதுலயே இருக்கா. நான் எதையும் மறைக்கல. சாமான் சொன்னபடிதான் இருக்கு.” அனுப்பிவிட்டு, ஜெயித்த தெம்பில் முகம் கழுவப் போனாள். குளியலறைக் கண்ணாடியில் எதிர்ச்சுவரின் பச்சை ஓடுகள் மட்டும் தெரிந்தன.

கணவர் லூமிர் இறந்துபோன பிறகு கண்ணாடியை நின்று பார்க்கும் பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது, அதனால் எத்தனை நாளாக இப்படி என்று சொல்லத் தெரியவில்லை. சில நாளாகக் காலையில் கன்னம் இரண்டும் காரணமில்லாமல் சூடாவதை மட்டும் கவனித்திருந்தாள். ரத்த அழுத்தம் என்று நினைத்து உப்பைக் குறைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலய விருந்துக்கு உத்தேசமாக உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போனாள். அடுத்த வீட்டு ஜூன் குபாத் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏண்டி, உதட்டுச் சாயம் தாடையில இருக்கு. கண்ணாடி பாக்கறதையே விட்டுட்டியா?”

“பாக்கறேன் ஜூன். அங்க யாரும் இல்ல.”

ஜூன் அவளைக் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பார்த்தாள். தான் மட்டும் நிற்பதைக் கண்டாள். “ஆமா, காணோம்,” என்றாள். “எங்க வெச்ச, ஞாபகப்படுத்திப் பாரு. இப்ப வா, டம்ப்ளிங் ஆறிப்போகுது.”

வீட்டுக்கு வந்ததும் மார்லிஸ் ஹார்லனுக்கு எழுதினாள். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், தபால் செலவும் தன்னுடையது, கூஜாவைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினால் போதும். எந்த விற்பவரும் இப்படி இறங்கி வரமாட்டார். ஆனால் கூஜா வரவில்லை. முதலில் அளவான பெட்டி கிடைக்கவில்லை என்றார் ஹார்லன். பிறகு பனியில் சாலை மூடிக் கிடக்கிறது என்றார். பிறகு முழங்கால் வலி வந்தது. போனில் பேசித் தீர்த்துவிடலாமென்று மார்லிஸ் தன் எண்ணை எழுதினாள். வாங்குபவரும் விற்பவரும் தனியே கைகுலுக்கிவிடக் கூடாதென்று அந்த விற்பனைத் தளம் எண்களையெல்லாம் நட்சத்திரங்களாக மாற்றிவிட்டது. அவர் விலாசத்துக்குக் கடிதம் போடலாமே என்று கோபத்தில் இருந்தவளுக்குத் தோன்றவில்லை. பிறகு தோன்றியபோது அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

“பணத்த திருப்பிக் கேட்டது நீங்க,” என்று எழுதினாள். “இப்ப குடுக்கறேன்னா சாமான விட மாட்டேங்கறீங்க. அது யாரு மூஞ்சின்னு நெனச்சீங்க? அறுபத்தோரு வருஷம் நான் சொமந்த மூஞ்சி. எனக்கு வேணும். என் சாவுல கூட பெட்டிக்குள்ள வேற எவளோ படுத்திருக்கான்னு சொல்லுவாங்க போல.”

இதற்கு அவரிடமிருந்து உடனே பதில் வந்தது. “நீங்கதானா அது? தெரியாம போச்சே, மன்னிச்சுக்கங்க. யாரோன்னு நெனச்சுத்தான் பேசிக்கிட்டு இருந்தேன். தப்பா எதுவும் பாக்கல; கழுத்துக்கு மேலதான் தெரியும். நீங்க குளிக்கற நேரம்னு தோணினா துண்டு போட்டு மூடிருவேன்.” அடுத்த நாள் இன்னொன்று வந்தது: “பெட்டி கட்டியாச்சு. நாளைக்கு அனுப்பறேன். கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், வாய் வரல. அன்னிக்கு ஒரு ஞாயித்துக்கெழம சூப்பு குடிச்சிக்கிட்டே அழுதீங்களே. எதுக்கு?”

மார்லிஸ் அடுப்படி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாடைச் சாயத்தோடு விருந்திலிருந்து திரும்பி வந்து, தனியே சூப்பைச் சுடவைத்துக் குடித்தபோது வந்த அழுகை அது. சத்தம்கூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜூனுக்குத் தெரியாது. சிகாகோவிலிருக்கும் மகனுக்குத் தெரியாது. தான் அழுதால் உலகத்தில் யாராவது பார்ப்பார்கள் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். குளியலறைக்குப் போய்ப் பச்சை ஓடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் திரும்பி வந்தால் இந்த ஓடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பாவம். அவளுக்குத் தன் முகத்தின் மேலேயே இரக்கம் வந்தது. திரும்பி வந்து, எதற்கு அழுதாள் என்பதை எழுதினாள். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. தளம் அனுமதித்த அளவு போதாமல் நான்கைந்து துண்டாக அனுப்பினாள். கடைசித் துண்டில் இவ்வளவுதான் இருந்தது: “பெட்டியப் பிரிச்சிருங்க. தலைய மட்டும் பாத்துச் சொல்லுங்க, நாளைக்கு வெளிய போகணும்.”

“இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது,” என்றார் ஹார்லன். “கொஞ்சம் தண்ணி தொட்டு அமுக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், போதும்.”

அதிலிருந்து சீடர் ராப்பிட்ஸில் மார்லிஸைப் போல நேர்த்தியாகத் தலை வாரிக்கொண்டு தேவாலயத்துக்கு வருபவள் இல்லை என்று பெயராயிற்று. ஹேவரில் ஹார்லன் சமையலறையைத் துடைத்து வைக்க ஆரம்பித்தார், வீட்டில் ஆள் இருக்கிறதே. குளியலறைக் கண்ணாடியை மார்லிஸ் விற்றுவிட்டாள். படம் எடுக்க விரிப்பே தேவைப்படவில்லை. ‘நல்ல கண்ணாடி, உள்ளே யாரும் இல்லை’ என்று எழுதிப் போட்டாள். நெப்ராஸ்காவில் வாங்கிய பெண், சாமான் சொன்னபடியே இருக்கிறதென்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள்.

புகார் மட்டும் இன்னும் மூடப்படவில்லை. தீர்ந்தது என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், இருவரும் எழுதிக்கொள்ளும் அந்தப் பேச்சுப் பெட்டியைத் தளம் பூட்டிவிடும். தளம் கைமாறியது, பெயர் மாறியது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் அந்தப் புகாரை மேலிருந்து கீழ்வரை படிக்கிறார்கள், மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள், கெடுவை நீட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். மாதாமாதம் இருவருக்கும் ஒரே கேள்வி வரும்: ‘உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?’ இந்த மாதமும் வந்தது. ஐயோவாவில் மார்லிஸ் ‘இல்லை’ என்பதை அழுத்தினாள். மான்டானாவில் ஹார்லனும் ‘இல்லை’ என்பதை அழுத்திவிட்டுக் கூஜாவை அடுப்படி மேடையில் வைத்து ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் மார்லிஸின் கன்னங்கள் சூடாயின.