கடற்பாசித் தாளில் ஒரு சொல்

மொட்டை மாடிச் சட்டத்தில் மாட்டியிருந்த தாள்களில் ஒன்று மட்டும் மக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

மற்றவை சொன்ன பேச்சைக் கேட்டன. எல்லாம் கடற்பாசியில் செய்த மெல்லிய உறைத்தாள்கள். வெயிலில் விறைத்தன, பனியில் ஊறின, நொறுங்கி உதிர்ந்தன. எத்தனை நாளில் மக்குகின்றன என்று தினமும் பார்ப்பதுதான் கம்பெனியில் அவளுக்கு வேலை.

அடம்பிடித்த தாளில் மார்க்கர் பேனாவால், கொட்டை எழுத்தில் 'தொடாதே' என்றிருந்தது. எழுதியவர் அவள் கணவர். அவருக்கும் இதே மாடியில்தான் வேலை. சட்டத்தில் எழுத வேண்டியதை அவசரத்தில் தாளிலேயே எழுதிவிட்டார். அடுத்த வாரம் பைக்கில் போனவர் உயிரோடு திரும்பவில்லை. வீட்டைத் துழாவிவிட்டாள், அவர் கையெழுத்தென்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைக்கவில்லை. எதையும் போனில் தட்டுகிற மனிதர்.

மை வெயிலை மறைத்துவிட்டது போலும். சுற்றிலும் ஓட்டை விழுந்தும் எழுத்து நின்றது.

"இந்த சாம்பிள் செல்லாதும்மா" என்றார் சூப்பர்வைசர். "கழட்டிக் குப்பையில போட்டுடுங்க."

"சரி சார்."

அழுகை வரவில்லை. வரும், வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தாள்.

தாள்களை எடை போடுகிறவன் பக்கத்தில் வந்தான். ஆபீசில் அவனுக்குப் பெயர் தராசு.

"மக்கலைன்னா சாருக்குக் கோவம். மக்கினா உங்களுக்கு. நான் யார் பக்கம்க்கா நிக்கிறது?"

"நிழல் பக்கம் நில்லு."

"பேசாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அண்ணன் எழுதுனதுதானே. நான் எதையும் பாக்கல."

அவள் கிளிப்பைக் கழற்றினாள். இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். ஈரக்கை பட்டால் நைந்த தாள் கூழாகிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம். இன்று கையாலேயே எடுத்தாள். உள்ளங்கை வியர்த்திருந்தது தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே உடம்பில் நடப்பதைப் பற்றியெல்லாம் அவளுக்குத் தாமதமாகத்தான் தகவல் வந்தது.

தாள் பிசுபிசுத்தது, சுருண்டது. விரலை விரித்தபோது தாள் இல்லை. உள்ளங்கையில் பாசி வாடையோடு ஒரு வழவழப்பு. அதன்மேல் கோணல்மாணலாக அந்தச் சொல்.

"ஐயோ, அக்கா" என்றான் தராசு.

"பரவால்ல. வா, சாப்பிடப் போலாம்."

கேன்டீனில் எல்லோரும் கை கழுவ வரிசையில் நின்றார்கள். அவள் நேராகப் போய் உட்கார்ந்து, இடது கையால் ஸ்பூனை எடுத்தாள்.

"கை கழுவலையாக்கா?"

"அப்புறம்."

சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று தெரியவில்லை. மேஜைக்கு அடியில், மடிமேல், வலது கை விரித்தபடியே காய்ந்துகொண்டிருந்தது.