உடன் வந்தவரின் கையெழுத்து

ஏழு வருடங்களாக அந்த மருத்துவமனையின் கணினி என்னையும் என்னோடு இரட்டையாகப் பிறந்தவனையும் ஒரே ஆளாக வைத்து நடத்தியிருக்கிறது. எங்கள் இருவருக்கும் அது தெரியாது. அவன் இறந்து எட்டு மாதம் கழித்து, என் பித்தப்பையை எடுக்க நாள் உறுதிசெய்யப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

முன்பதிவு மேசையில் இருந்த பெண் என் எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தட்டினாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நம்பர்ல இருக்கிறவர் ஜூன் மாசமே தவறிட்டாருன்னு வருது."

"அது இவர் கூடப் பிறந்தவரும்மா" என்றாள் என் மனைவி. "இவர் இதோ குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரே, கிள்ளி வேணா பாரு."

"கிள்ளிப் பார்த்தா கம்ப்யூட்டர் ஒத்துக்காதும்மா. கீழ பதிவுத் துறைக்குப் போங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதத்தில் மூன்று முறை வலி வந்து சுருண்டு விழுந்திருந்தேன். அடுத்த முறை பை உள்ளேயே வெடிக்கலாம் என்று, தன் சொந்தக் கிளினிக்கில் என்னைப் பார்த்த அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை அறுவை. அதற்குள் நான் உயிரோடிருப்பதாக அந்தக் கணினி ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதிவுத் துறை தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. ஒரு காலத்தில் அங்கே கோப்புகள் அடுக்கிய இரும்பு அலமாரிகள் நிறைந்திருக்க வேண்டும். அவற்றின் கால்கள் அழுத்திய தடங்கள் சிமெண்டுத் தரையில் வரிசை வரிசையாகத் தெரிந்தன. இப்போது நான்கு மேசைகள், நான்கு திரைகள், ஒரு தண்ணீர்க் குடுவை. சுவரில் ஒரு பலகையில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கோ யாரோ ஒரு நோயாளியின் பதிவைத் திறக்கும்போதெல்லாம் அது ஒன்று கூடுமாம். நான் உட்காருவதற்குள் நாற்பது கூடிவிட்டது.

எங்களைப் பார்த்த அதிகாரி ஐம்பது வயதுப் பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். அடுத்த மேசையிலிருந்து ஒருவர், "தனிக்குடித்தனம், உங்க தலையில இருக்கு" என்றார்.

"இங்க என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றார் அவர் எங்களிடம். "தப்பா ஒண்ணாச் சேர்ந்துபோன பதிவுகளைப் பிரிச்சுத் தனித்தனியா குடிவைக்கிறது என் வேலை. உட்காருங்க. எப்படிச் சேர்ந்தீங்கன்னு பார்ப்போம்."

சேர்ந்த கதையை அவர் விளக்கியபோது எனக்கு வலி கொஞ்சம் மறந்தது. அந்த நிர்வாகத்துக்கு ஒன்பது மருத்துவமனைகள். ஏழு வருடங்களுக்கு முன் ஒன்பதின் பதிவுகளையும் ஒரே இடத்தில் கொட்டினார்கள். அறுபத்திரண்டு லட்சம் பேர். ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று எண்ணோடு இருப்பான் அல்லவா? அதனால் ஒவ்வொரு பதிவையும் மற்றப் பதிவுகளோடு கணினி ஒப்பிட்டுப் பார்த்தது. பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், தெரு, கதவு எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டது. இந்த வேலையை அது பதினோரு நாளில் முடித்ததாம்.

நான் முப்பத்துநான்கு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் ஒப்பிட்டால் கண் எரியும். அறுபத்திரண்டு லட்சத்தை வைத்துக்கொண்டு ஒன்றைக்கூடச் சலிப்போடு பார்க்காத ஒன்றை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு போட்டிருக்கு" என்றார் அதிகாரி. "பேர்ல முதல் பாதி ஒண்ணு. தேதி ஒண்ணு. ஒரே வீடு."

"அவன் மாடியில, நாங்க கீழ."

"மாடி கீழன்னு அதுக்குத் தெரியாது. போனும் ஒண்ணு. அது மேல தப்பே சொல்ல முடியாது சார். நானா இருந்தாலும் சேர்த்திருப்பேன்."

அதன்மேல் எந்தக் குற்றமும் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. எங்கள் முகம் ஒன்றல்ல; அவன் உயரம், நான் குட்டை. அவன் லிப்ட் மெக்கானிக், எண்ணெய்க் கையோடு சாப்பிட உட்காருவான். ஆனால் முகத்தைப் பார்க்காமல், எங்களைப் பற்றி எழுதியதை மட்டும் படித்தால், நாங்கள் ஒருவன்தான்.

பிரிப்பது சேர்ப்பதைப்போல் வேகமான காரியமில்லை. சேர்த்தபோது பழைய எண்களைத் தனியாக எடுத்து வைக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் எங்கள் ஒற்றைப் பதிவில் இருந்த இருநூற்றுப் பதினான்கு வரிகளையும் தேதி வாரியாக அவர் படிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்: என்னுடையதா, அவனுடையதா?

"வலது கால் கட்டை விரல், நகம் பெயர்ந்தது."

"அவன். சுத்தியலைக் கால் மேல போட்டுக்கிட்டான்."

"நாய்க்கடி."

"நான்."

"நாய்க்கடி. மறுநாள்."

"அவன். அந்த நாயை மிரட்டப் போனான்."

அடுத்த மேசைக்காரர் வேலையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். அதிகாரி சிரித்தபடியே ஒவ்வொரு வரியையும் இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளினார். திரையில் இரண்டு பத்திகள் வளர்ந்தன. இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன். என்னைவிட அவன்தான் நீளமாக வளர்ந்தான். ஈமச் சடங்கில் வராத அழுகை, காய்ச்சலும் இருமலும் தையலுமாக அவன் அங்கே வரிவரியாக எழுந்து நின்றபோது வந்தது. எங்களில் யாரும் குறித்து வைக்காததை எல்லாம், எங்களைத் தெரியாத ஒன்று, எதற்கு என்று கேட்காமல் வைத்திருந்தது.

எண்பத்தெட்டாவது வரி சிவப்பாக இருந்தது.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஐந்து வார இடைவெளியில் எங்கள் இருவருக்கும் குடலிறக்க அறுவை நடந்தது. முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தேதிக்கு எதிரே ஒரே வரி: மயக்க மருந்தினால் கடும் ஒவ்வாமை, விவரம் பழைய தாளில்.

"இது யாருக்கு?" என்றார் அதிகாரி. இப்போது அவர் சிரிக்கவில்லை.

யாருக்கு முதலில் நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். மழை நாள் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சொட்டிய குடை நினைவுக்கு வந்தது. அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தது நானா, அவனா?

"அவரோடதுதான்" என்றாள் மனைவி. "உங்களுக்கு அப்படி எதுவும் ஆகலையே. ஆகியிருந்தா நமக்குத் தெரியாதா?"

"தெரியலன்னு போட முடியுமா?" என்று கேட்டேன்.

"போடலாம். ஆனா மயக்க டாக்டர் வியாழக்கிழமை தொட மாட்டார். எந்த மருந்துன்னு கண்டுபிடிக்க வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதனை பண்ணுவாங்க. மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா!" மனைவி என் கையைப் பிடித்தாள். "அதுவரைக்கும் அந்தப் பை தாங்குமா? இங்க பாருங்க, அவரோடதுன்னு சொல்லுங்க. அவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. "அவனோடது" என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரி வரியை வலப்பக்கம் தள்ளவில்லை. விரலை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார். "நிச்சயமா சார்? அவர் பக்கம் போட்டா அது அவர் பதிவோட மூடிடும். அப்புறம் எந்த டாக்டர் கண்ணுலயும் படாது."

முப்பத்துநான்கு வருடப் பழக்கம் என்னைத் தடுத்தது. மூலப்படியைப் பார்க்காமல் நான் ஒரு வரியைக்கூட அச்சுக்கு விட்டதில்லை.

"பழைய தாள்னு போட்டிருக்கே. அந்தத் தாள் இருக்கா?"

"எரிச்சாச்சு. ஆனா படம் எடுத்து வெச்சிருக்கோம். பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆனதெல்லாம் காந்த நாடாவுல பதிஞ்சு வேற ஊர்ல இருக்கு. வர நேரமாகும்."

"வரட்டும்" என்றேன். மனைவி என் கையை விட்டுவிட்டாள்.

அதிகாரி ஏதோ தட்டினார். திரையில் ஒரு வரி வந்தது: நாடா 3118 எடுக்கப்படுகிறது. அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இங்கிருந்து எட்டு மணி நேரப் பயணம், அந்தக் கட்டடம். உள்ள ஆளே கிடையாது, விளக்குகூடப் போட மாட்டாங்க. இப்ப அங்க ஒரு இரும்புக் கை தண்டவாளத்துல ஓடிப் போய் உங்க நாடாவைத் தேடிக்கிட்டிருக்கு."

நான் அந்த இருட்டுக் கட்டடத்தை நினைத்துப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான மனிதர்களின் வலி, பெயர் அழியாமல், அடுக்கின்படி. யாரும் கேட்கவில்லை என்றால் எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும். கேட்டால், யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல், ஒரு கை எழுந்து வரும். கோவிலில்கூட நான் அப்படி வாயடைத்துப்போய் நின்றதில்லை. அடுத்த மேசைக்காரர் எழுந்து எங்கள் பின்னால் வந்து நின்றார், அன்றாடம் பார்ப்பதுதான் என்றாலும்.

ஆறு நிமிடம் ஆனது. தாள் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

முதலில் பெயர். பழைய கணினி பத்து எழுத்துக்கு மேல் அச்சடிக்காது; எங்கள் இருவருக்கும் பொதுவான பாதி மட்டும் இருந்தது. வயது, அதுவும் பொது. பிறகு மயக்க மருத்துவரின் கிறுக்கல்: தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்த இரண்டாவது நிமிடம் மூச்சுக்குழல் இறுகியது, நாடி விழுந்தது, மீட்கப்பட்டது. மருந்தின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம்.

அடியில் அச்சிட்ட வரி: உடன் வந்தவரிடம் தெரிவிக்கப்பட்டது. உறவு என்ற இடத்தில் "அண்ணன்" என்று எழுதியிருந்தது. பதினோரு நிமிடம் முன்னால் பிறந்ததற்கு அவன் ஆயுள் முழுக்கக் கேட்டு, நான் ஒரு முறையும் கொடுக்காத பட்டம் அது.

உறவைப் படிப்பதற்கு முன்பே எழுத்தை அடையாளம் கண்டுவிட்டேன். திருகாணி முடுக்குவதுபோல் பேனாவை அழுத்துவான். ஓரிடத்தில் தாள் கிழிந்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையும் படத்தில் இருந்தது. கையெழுத்துக்கு மேலே, யாரும் எழுதச் சொல்லாத இடத்தில், இரண்டு வரி எழுதியிருந்தான்.

"ஐந்து நிமிடம் நாடி கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். புரிந்தது. அவன் பயந்த சுபாவம், அவனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்."

வெளியே உட்கார்ந்திருந்தது அவன். உள்ளே கிடந்தது நான்.

அன்று கண் விழித்தபோது அவன் சொன்னது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. "என்னடா குறட்டை அது, வார்டே எழுந்து உட்கார்ந்துடுச்சு" என்றான். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள்களையும் அவன்தான் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"இடப்பக்கம் போடுங்க" என்றேன். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவள் என்னைச் சொல்லவைத்த பதிலை அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

அதிகாரி வரியை என் பக்கம் தள்ளினார். மிச்ச வரிகளைப் படிக்கத் தொடங்கியவர், தொண்ணூற்றொன்றில் நின்றார். பதினான்கு வருடங்களுக்கு முன் எனக்குப் பல் பிடுங்கிய நாள். அதன் ஓரத்தில் பல் மருத்துவர் எழுதியிருந்தது: உடன் வந்தவர் தனியே வந்து பழைய மயக்க மருந்து ஒவ்வாமை பற்றி எச்சரித்தார். நூற்று முப்பதில், கண்ணில் புரை எடுத்த நாள்: உடன் வந்தவர் எச்சரித்தார். நூற்றெழுபத்தாறில், வேறொரு மருத்துவமனையில், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த நாள்: உடன் வந்தவர் எச்சரித்தார், மருந்தின் பெயரை எழுதிய சீட்டைக் காட்டினார்.

ஒவ்வொரு முறையும் அவன் கூட வந்தான்தான். ஒரு பல்லுக்குப் போய் ஆள் துணையா என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன். "டாக்டர்கிட்ட உனக்கென்னடா தனியா பேச்சு, எல்லாத்துலயும் மூக்கை நுழைக்காதே" என்று ஒரு முறை எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறேன். "லிப்ட் ஒழுங்கா ஓடுதான்னு கேட்டேன்டா" என்றான்.

மூன்று மருத்துவமனைகள், மூன்று மருத்துவர்கள். ஒருவருக்கொருவர் தெரியாது. அவர்கள் ஓரத்தில் கிறுக்கியதை எல்லாம் அந்தக் கணினி ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தது. எங்களைத் தப்பாகச் சேர்த்த அதே கணினிதான்.

இருநூற்றுப் பதினான்காவது வரி அவனுடைய கடைசிக் காலை. அதை அதிகாரி படிக்கவில்லை. நேராக வலப்பக்கம் தள்ளினார். பிறகு இரண்டு பத்திகளுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது. சுவரில் ஓடும் எண் இரண்டு கூடியது. எங்களுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பத்தியின் தலையில் ஒரு சிவப்புப் பட்டை வந்து உட்கார்ந்தது. "இனிமே ஒன்பது ஆஸ்பத்திரியில நீங்க எந்த வாசல்ல நுழைஞ்சாலும் இது முதல்ல வந்து நிக்கும் சார்" என்றார் அதிகாரி. "நீங்க வாய் திறக்கவே வேணாம்."

அந்தத் தாளை மேலே அனுப்பினார்கள். மருந்தின் பெயர் கிடைத்துவிட்டதால் மூன்று வாரச் சோதனை வேண்டாம், அந்த வகையையே தவிர்த்துவிடலாம் என்றார் மயக்க மருத்துவர். மாற்று மருந்து வரவழைக்க இரண்டு நாள் கேட்டார். அறுவை சனிக்கிழமைக்குப் போனது. வெள்ளிக்கிழமை ஒரு முறை வலி வந்தது, தாங்கினேன்.

சனிக்கிழமை காலை என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, மயக்க மருத்துவர் திரையில் அந்தச் சிவப்புப் பட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். ஊசிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் திரையில் உள்ளதோடு வாய்விட்டு ஒப்பிட்டார். நல்ல மெய்ப்புத் திருத்துநர் செய்வதுபோல் இரண்டு முறை.

பிறகு என் தலைமாட்டுக்கு வந்தார். "இந்த ஒவ்வாமை பத்தி உங்களுக்கு யார் சொன்னாங்கன்னு குறிக்கணும் சார்."

"என் கூடப் பிறந்தவன்."

"எப்போ சொன்னார்?"

"செவ்வாய்க்கிழமை" என்றேன்.