சரிந்த அம்பாரம்

தலைக்கூடையைச் சாய்த்து, உப்பை அம்பாரத்தின் உச்சியில் கொட்டிவிட்டு, தையல்நாயகி ஃபேனுக்கு அடியில் போய் நின்றாள். மரக்காணம் உப்பளத்தில் செய்கிற அதே வேலைதான். ஆனால் இங்கே தலைக்கு மேல் கூரை, காலுக்குக் கீழே டைல்ஸ்.

சுனாமிக்கு அடுத்த வருஷக் கோடை அது. பாண்டிச்சேரி ஓவியர் சதீஷ், பொம்மையார்பாளையத்தில் ஒரு ஹாலைப் பிடித்துத் தனியாகக் கண்காட்சி வைக்கிறார். பெயிண்டும் கிடையாது, பிரஷ்ஷும் கிடையாது, எல்லாமே உப்பாம். குவிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று இவளையும் உப்பளத்தில் கூட வேலை செய்யும் சின்னப்பாப்பாவையும் அழைத்து வந்திருந்தார்.

"தண்ணி கேன் அங்க இருக்குதும்மா. பக்கத்துலயே பாத்ரூம்" என்றார்.

தையல்நாயகிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கோடை பிறந்ததிலிருந்து அவளுக்கு நீர்க்கடுப்பு. நிறையத் தண்ணீர் குடி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சொல்ல அவருக்கென்ன? உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு புதர் கிடையாது. ஒதுங்க இடமில்லாத பெண்கள் வீடு திரும்பும்வரை நாக்கை நனைப்பதோடு சரி.

இங்கே குடித்தாள், போனாள், மறுபடியும் குடித்தாள். மதியத்துக்குள் கடுப்பு பாதி குறைந்திருந்தது. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"ஏண்டி, உள்ளயே குடித்தனம் வெச்சிடுவியா?" என்றாள் சின்னப்பாப்பா.

"வாடகை கேக்கலைன்னா வெச்சிடுவேன்."

வேலை அன்றைக்கே முடிந்துவிடும் போலிருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. குவித்த உப்பைச் சுற்றிலும் பலகையால் தட்டி இறுக்க வேண்டும். அவள் ஒரு பக்கத்தைத் தட்டாமல் விட்டாள்.

"சரிஞ்சிடும்டி."

"சரியட்டும். நாளைக்கும் கூப்புடுவாரு. இன்னும் ஒரு நாள் குடிச்சா கடுப்பு ஓடியே போயிடும்."

டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே பொலபொலவென்று சத்தம் கேட்டது. தையல்நாயகி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"அடடா, சரிஞ்சிடுச்சே தம்பி. காலையில வந்து கட்டிக் குடுத்துடறோம்."

சதீஷ் அம்பாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"தொடாதீங்கம்மா. இதத்தான் இத்தன நாளா தேடிக்கிட்டிருந்தேன். இப்படியே இருக்கட்டும். நாளைக்கு நீங்க வர வேணாம்" என்று அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஆனால் சின்னப்பாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தையல்நாயகிக்குச் சிரிப்பு பீறிட்டது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவர்களுக்கும் பிடித்துவிட்டதென்று நினைத்து சதீஷும் சேர்ந்து சிரித்தார்.

மரக்காணம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தையல்நாயகி இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு உள்ளே போய்த் தாழிட்டாள்.

"பஸ்ஸு வந்துடும்டி" என்று சின்னப்பாப்பா கதவைத் தட்டினாள்.

"இருடி. நாளைக்கும் சேத்துப் போயிட்டு வர்றேன்."

சின்னப்பாப்பா சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேனுக்குப் போனாள். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, கதவருகே தன் முறைக்காக நின்றாள்.