உப்புச் சாட்சி

கேட்கக் கூடாததை அசீனா கேட்டேவிட்டாள். "மச்சான், கஞ்சியில உப்பு இருக்கா, இல்லையா? நீங்க சொல்லுங்க."

புருஷனை அவன் அம்மாவுக்கு எதிராகச் சாட்சிக்கு இழுக்காதே என்று சொல்லித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இந்த ராஜபாளையத்து வீட்டுக்கு அவளைப் பெற்றவர்கள் அனுப்பியிருந்தார்கள்.

அவள் தெருவுக்கே முதல் பி.ஏ. மாமியாருக்கோ அவள் மடித்த துணி கோணல், நடக்கிற நடை சத்தம். இந்த வீட்டில் அதற்குப் பேர் 'எடுத்துச் சொல்றது'. அவள் பிறந்த தெருவில் நொட்டை சொல்றது.

இன்று பாங்கு சொல்லும் முன்பே நோன்புக் கஞ்சியை எட்டிப் பார்த்து மாமியார் சொல்லிவிட்டாள்: "உப்புப் பத்தாது. பி.ஏ.வுல இதெல்லாம் எங்க சொல்லித் தாரான்?"

"இன்னும் நோன்பே தொறக்கலயே மாமி. நாக்குல படாம எப்படித் தெரிஞ்சது?"

"பார்த்தாத் தெரியாதா?"

பாங்கு சொன்னதும் அவள் புருஷன் ஹமீது இரண்டு கோப்பை ரசித்துக் குடித்தான். அப்போதுதான் கேட்டாள்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எதைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வான் என்று தெரிந்தே காலையில் பையைக் கட்டி வைத்திருந்தாள். கேட்காமல் போகக் கூடாது என்றுதான் கேட்டாள்.

பையோடு படியிறங்கும்போது பின்னால் மாமியார் குரல் வந்தது. "முக்காட்டைப் பாரு, ஒரு பக்கமாத் தொங்குது."

அதைச் சரிசெய்யாமலே அசீனா பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.