ஸ்கிரீனில் அப்படித்தான் தெரியும்

அச்சகத்தில் பக்கம் கட்டும் வேலை பார்த்த அவளை எல்லோரும் ‘லேஅவுட்’ என்றே கூப்பிட்டார்கள். திட்டிப் பார்த்தாள், முறைத்துப் பார்த்தாள். கடைசியில் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

பக்கம் கட்டும் மென்பொருளில் படங்கள் எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். கம்ப்யூட்டர் திணறக்கூடாது என்று அது லேசான ஒரு நகலை மட்டும் காட்டும். அசல் படம் வேறிடத்தில் பத்திரமாக இருந்து, நேராகத் தாளுக்குப் போகும். புதிதாக வருகிறவர்கள் பதறினால், “ஸ்கிரீன்ல அப்படித்தான் தெரியும், பேப்பர்ல பளிச்சுன்னு வரும்” என்பாள். அது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று வெறும் படங்களாலேயே காட்டும் காளான் கையேடு ஒன்று அச்சாகி முடிந்ததும் முதலாளி வந்து நின்றார். “இதையே வெப்சைட்டுலயும் போட்டுடு. அதே சாஃப்ட்வேர்லதான் வழி இருக்காமே?”

வழி இருந்தது. எந்த அளவு, எந்தத் தரம் என்று அது கேட்டதற்கெல்லாம் ‘சரி’ என்று தட்டினாள். பக்கம் வந்தது. முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டு, “படம் மங்கலா இருக்கே” என்றார். அவள் வழக்கமான பதிலைச் சொன்னாள். அவரும் மையிலேயே ஊறினவர், தலையாட்டிவிட்டுப் போனார். தொழிலில் கரைகண்ட இரண்டு பேருக்கும் ஒன்று மட்டும் உறைக்கவில்லை. இந்தப் பக்கத்துக்குப் பின்னால் தாளே கிடையாது.

மழை விட்ட ஒரு நாள் முற்பகலில் அக்கா போன் செய்தாள். அவள் வீடு காட்டை ஒட்டி இருந்தது.

“உன் புண்ணியத்துல இன்னைக்குச் சமையல் முடிஞ்சுதுடி. கொல்லையில காளான் மண்டிக் கிடந்துச்சு. நீ போட்ட படத்தைப் பாத்துதான் பறிச்சேன்.”

“நான் குடுத்த புத்தகத்தைப் பாத்தா?”

“அதை எங்க வச்சேனோ, யாரு தேடுறது? போன்லதான் பாத்தேன்.”

பேசிக்கொண்டே லேஅவுட் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தின்கிற காளானும் கொல்கிற காளானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கொல்கிறதற்குக் குடையின் அடியில் மெல்லிய பச்சை ஓடும், இரண்டுக்கும் அது ஒன்றுதான் வித்தியாசம். படத்தைச் சுருக்கிப் பிழிந்ததில் அந்தப் பச்சை போன இடம் தெரியவில்லை. இரண்டும் வெள்ளை.

“அக்கா, குடைக்கு அடியில என்ன நிறம்?”

“லேசாப் பச்சை அடிச்சுது. உன் படமே மங்கல்தானே, நிறம் முன்னப்பின்னத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

“சாப்பிட்டியா?”

“பிள்ளைங்க இன்னும் ஸ்கூல்லேர்ந்து வரலை. உப்பு பாக்க நான் மட்டும் ரெண்டு வாய்…” அக்காவின் குரல் இறங்கியது. “ஏண்டி?”

“அடுப்பை அணைச்சிட்டு மாமாவோட ஆஸ்பத்திரிக்குப் போ. இப்பவே. எதுவும் கேக்காத, போ.”

போனை வைத்தாள். அசல் படத்தைத் தேடி எடுத்தாள். இந்தத் தடவை தரத்தை உச்சத்தில் வைத்தாள், அளவைக் குறைக்கவில்லை. திரையில் சின்ன ஜன்னல் ஒன்றில் படத்தின் மாதிரி வந்தது. குடைக்கு அடியில் பச்சை தெளிவாகத் தெரிந்தது. இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. பழைய பக்கத்தை மாற்றும் வேலை நகர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது நகர்வதாகவே தெரியவில்லை. தனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். இந்தப் பக்கத்தை இன்னும் யார் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தாள்.

அது முடிவதற்குள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரு ஆண் குரல், அவசரத்திலும் நிதானமாக இருந்தது.

“டாக்டர் பேசறேன். உங்க அக்காதான் இந்த நம்பரைக் குடுத்தாங்க. அவங்களுக்கு வாந்தி ஆரம்பிச்சிருக்கு. எதைச் சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சாதான் அடுத்து என்ன செய்யறதுன்னு முடிவு பண்ண முடியும். ஏதோ பச்சைங்கறாங்க, குழப்பத்துல பேசறாங்கன்னு நினைக்கறேன். நெட்டுல காளான் படம் போட்ட ஒரு நல்ல பக்கம் கிடைச்சுது, அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ரெண்டுலயும் பச்சையே இல்லையே?”

“அந்தப் பக்கத்தைப் பாக்காதீங்க டாக்டர்” என்றாள் லேஅவுட். “அது நான் போட்டது. அக்கா சொல்றதை நம்புங்க.”