குருத்தோலைக் கூடு

அது எப்படி இருந்தது என்பதை நான் சரியாகச் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் போல என் நினைவில் இருக்கிறது. அதைச் செய்த சகாயராணியோ, அது யாருமில்லை, வெறும் கூடு என்கிறாள். புகைப்படம் கிடையாது. ஆண்டுகூடத் தொண்ணூற்றைந்தா, ஆறா, தெளிவில்லை.

ராணி என் மனைவி. கும்பகோணத்தில் சிற்பம் படித்தவள். எங்கள் குழந்தை பிறந்த அன்றே இறந்தது. அதன்பின் சில ஆண்டுகள் அவள் சிற்பம் எதையும் செய்யவில்லை. நான் அமராவதிபுதூரில் கணக்கு வாத்தியார். இருவருமே அதிகம் பேசாதவர்கள்.

ஒரு தை மாதம், சொல்லாமல் கொள்ளாமல் கண்மாய்க்கரையிலிருந்து கருவேலங்கொப்புகளை வெட்டிக்கொண்டு வந்தாள். வளைத்துப் பனைநாரால் கட்டினாள். களிமண் குழைத்து அப்பினாள். ஆணி, பசை, சாயம் எதுவும் கிடையாது. பிறகு தெருவில் வீடு வீடாகப் போய், சாமி படங்களுக்குப் பின்னால் செருகியிருந்த பழைய குருத்தோலைகளைக் கேட்டு வாங்கினாள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்தவை. ஒவ்வொரு வீட்டு மடிப்பும் ஒரு விதம். அவற்றை முள்ளுக்குள் விட்டுப் பின்னினாள்.

பக்கத்து வீட்டு இன்பமேரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன ராணி, கூடா கட்டுற? யாரு குடிவரப் போறாக?"

"காத்துதான் அக்கா."

"வாடகை ஒழுங்காக் குடுக்குமா?"

ராணி சிரித்தாள். உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் பேனாவை வைத்துவிட்டேன்.

சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அவளுடைய தோழி கேட்டிருந்தாள். எனக்குக் கண்காட்சி பெரிதில்லை. அந்தக் கைகள் மறுபடி நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை, பார்சல் லாரிக்குச் சொல்லிவிட்டு வரக் காரைக்குடிக்குப் போனோம். காய்வதற்காக அதை வாசல் கேட் ஓரம் வைத்திருந்தாள். திரும்பி வந்தபோது தரையில் ஒரு மண் வளையம்தான் கிடந்தது.

"சூசைமரியான் அண்ணன் சைக்கிள்ல வச்சுக் கட்டிட்டுப் போனாரே! நீ குடுத்ததுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் இன்பமேரி.

சூசைமரியான் கோயில்பிள்ளை, பூசைக்கு வேண்டியதைச் செய்பவர். தவக்காலம் தொடங்குமுன் பழைய குருத்தோலைகளைச் சேகரித்து எரிப்பது அவர் வேலை. அந்தச் சாம்பலைத்தான் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். கோயிலுக்குப் பின்னால் போனோம். கம்பால் கங்குகளைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். எந்த வீட்டுல கேட்டாலும் ராணிகிட்ட குடுத்துட்டோம்னாக. எனக்கு அலைச்சல் வேணாம்னு தாயி மொத்தமாக் கட்டி வச்சிருக்குன்னு எடுத்தாந்தேன். என்னா கட்டு! அவுக்க மனசே வரல. அப்படியே தூக்கி வச்சுட்டேன்."

அது கண்காட்சிக்குச் செய்தது என்று நான்தான் சொன்னேன். அவர் கம்பைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் முழுவதும் அவள் சேலைத் தலைப்பில் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை பூசையில் சாமியார் சாம்பல் பூச, சூசைமரியான் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் முறை வந்தபோது அவர் நிமிரவே இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ராணி என் நெற்றியைப் பார்த்தாள். விரலால் சாம்பலைத் தொட்டெடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். பிறகு திரும்பிக் கோயிலின் பக்கவாசலுக்குப் போனாள்.

"அண்ணே, மிச்சச் சாம்பல என்ன செய்வீக?"

"மண்ணுலதான் போடணும் தாயி."

"அப்ப என்கிட்ட குடுங்க. நானும் மண்ணுலதான் போடப்போறேன்."

அவர் சாயங்காலம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்து, வாசலோடு நின்று கொடுத்துவிட்டுப் போனார். ராணி அதைக் களிமண்ணில் கொட்டிக் குழைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையசைக்கும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றினேன்.

சென்னைக்கு அந்த வருஷம் எதுவும் போகவில்லை. அந்தச் சாம்பல் மண்ணில் செய்ததும் எங்கள் கொல்லையில் சில மழைக்காலம் இருந்து கரைந்துபோனது. இன்பமேரி மகளோடு திண்டுக்கல்லுக்குப் போய்விட்டாள். சூசைமரியான் இறந்துவிட்டார். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ராணி இன்னும் செய்துகொண்டிருக்கிறாள்.