சத்யபிரியாவுக்குக் கிடைத்த ஒரு மணி நேரம்

பத்தாம் வகுப்புப் பரீட்சையில் சத்யபிரியாவுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்று அரசு உத்தரவு வந்த நாளிலிருந்து, மேலகரத்தில் அவள் வீட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் பிந்தி இருட்டியது. தெரு முழுக்க விளக்குப் போட்ட பிறகும் அந்த முற்றத்தில் வெயில் கிடந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு திரும்பியவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். ஒரு சீசனில் அதுவும் அலுத்துப் போயிற்று.

அலுக்காதவள் உலகம்மாள் ஒருத்திதான். அவளும் தங்கை வள்ளித்தாயும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு, நடுச்சுவருக்கு இருபுறமும் குடியிருந்தார்கள். அந்தப் பக்கம் தங்கை ஏழு மணி வெயிலில் வற்றல் கிளறினாள். இந்தப் பக்கம் கொசுக்கடியில் நின்ற அக்காளுக்கு வயிறு எரிந்தது. எழுத்துக்கூட்ட வராமல் மக்கு என்று பேர் வாங்கிய பிள்ளை அந்த சத்யபிரியா. வள்ளித்தாய்தான் மகளைச் சனிக்கிழமைதோறும் தென்காசிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனாள். இது டிஸ்லெக்சியா, நோயுமில்லை மக்குமில்லை, சொல்லிக்கொடுக்கிற விதம்தான் வேறு என்றாள் பயிற்சி மையத்து பெர்சிஸ் டீச்சர். சொல்லைக் கைதட்டிப் பிரித்தும் மணலில் விரலால் எழுதியும் சில வருஷங்கள் ஓடின. இப்போது நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாள். அதற்கு வெயில் வேறா?

"நல்லாப் படிக்கவனுக்கு ஆறரைக்கே இருட்டுது. இது என்ன நியாயம்?" என்று மகன் விஜய்பாண்டியை அதே மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். தப்பாகப் படிலே என்று பஸ்ஸில் சொல்லிவைத்தும், பாவிப்பயல் நீட்டிய தாளைக் கடகடவென்று படித்துத் தொலைத்தான்.

"இவனுக்கு ஒண்ணுமில்லக்கா. ஆனா இது குடும்பத்துல வரும். நீங்க ஒரு வரி படிங்க" என்றாள் டீச்சர்.

பிரம்படி தாங்காமல் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் உலகம்மாள். எழுத்துகள் அன்றைக்குப் போலவே ஈசலாய்க் கலைந்தன. கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். டீச்சர் நம்பவில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் சுவரைச் சுற்றிக்கொண்டு தங்கை வீட்டு வெயிலுக்குள் போய் நின்றாள்.

"ஏட்டி வள்ளி, எனக்கும் இதேதானாம். ஒம் மவளக் கூட்டிட்டுப் போவ நீ இருந்த. என்னைய யாருட்டி கூட்டிட்டுப் போனா? எனக்கு அவமேல பொறாமதாம்ட்டி. இப்பவும் இருக்கு."

வள்ளித்தாய் வற்றலை ஓரமாய் ஒதுக்கி இடம் விட்டாள். சத்யபிரியா நகர்ந்து உட்கார்ந்து, மணல் தட்டைப் பெரியம்மா பக்கம் தள்ளினாள். உலகம்மாள் விரலை வைத்தாள்.

அவளுக்கென்று எந்த உத்தரவும் வரவில்லை. ஆனாலும் அன்று அங்கே இருட்ட எட்டரை ஆயிற்று. அதன்பிறகு தினமும் அப்படித்தான். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிற சங்கரபாண்டி, எட்டு மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும் என்று அந்த வீட்டை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்.